மிஞ்சிய கப்பி மீனை ஓடையில் விடாதீர்கள்



மழை தொடங்கிவிட்டது. டெங்கு ஒழிப்பு வேலையும் தொடங்கிவிட்டது. பாடசாலைகளில் மறுபடியும் கப்பி மீன் போத்தலில் கைமாறுகிறது.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். ஒருமுறை சிரமதானம் முடிந்ததும், தொட்டியில் விட்டது போக மிஞ்சிய கப்பிகளைப் பிள்ளைகளோடு போய்க் கீழே ஓடும் ஓடையில் விட்டோம். "பாவம், உயிரோடு இருக்கட்டும்" என்று நினைத்தோம்.

டெங்கை நாங்கள் லேசாக எண்ணவில்லை. 2017இல் மட்டும் நம் நாட்டில் 186,000 பேருக்கு மேல் அது பீடித்தது. கப்பி நுளம்புக் குடம்பியைத் தின்னும் என்பதும் உண்மை. ஆனால் டெங்கு நுளம்பு முட்டையிடுவது சிரட்டையில், டயரில், யோகட் கோப்பையில், கூரைப் பீலியில். ஓடுகிற தண்ணீரில் அல்ல. ஓடையில் கப்பி விட்டால் டெங்குக்கு ஒரு நட்டமும் இல்லை.

நட்டம் ஓடைக்குத்தான். கப்பி தென் அமெரிக்காவின் வடபகுதி மீன். முட்டையிடாமல் குஞ்சாகவே போடும், அதுவும் ஏறக்குறைய மாதம் ஒருமுறை. சினையான ஒரே ஒரு பெண் மீன் போதும், ஒரு கூட்டமே உண்டாகிவிடும். அது நாட்டு மீன்களோடு இரைக்குப் போட்டியிடும். அவற்றின் குஞ்சுகளையும் தின்னக்கூடும். இலங்கையின் நன்னீர் மீன்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லை என்பதை மறக்க வேண்டாம். நுளம்புக்கென்றே நாடு நாடாகக் கொண்டுபோன கம்பூசியா கப்பியின் குடும்பம்தான். இன்று அது உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது.

"இங்கே குளிர், அது தாங்காது" என்கிறார்கள். மேல் தோட்டங்களில் அப்படியும் இருக்கலாம். ஆனால் தண்ணீர் மேலேயே நிற்பதில்லையே! பதுளை ஓயா துன்ஹிந்தையில் விழுந்து மகாவலிக்குப் போகிறது. கீழே போகப் போக வெப்பம்.

ஆகவே மீனை விடுமுன் மூன்று கேள்வி கேட்போம். அந்தத் தண்ணீரில் அது பிழைக்குமா? அங்கிருந்து வெளியேற வழி உண்டா? வேண்டாமென்றால் திரும்பப் பிடிக்க முடியுமா?

சீமெந்துத் தொட்டி, பள்ளிவாசல் ஹவ்ழ் போன்றவற்றில் பி.எச்.ஐ.யிடம் கேட்டுவிட்டு விடலாம். நீர் வழியும் குழாய்க்கு வலை கட்டுங்கள். ஓடை, வயல் வாய்க்கால், குளம் எதிலும் வேண்டாம். மிஞ்சியதை இன்னொரு தொட்டிக்காரருக்குக் கொடுங்கள். சிரட்டையைக் கவிழ்த்து வைக்க மீனே தேவையில்லை.

நாங்கள் ஓடையில் விட்டதை இனிப் பிடிக்க முடியாது. நீங்களாவது விடாதீர்கள். பெற்றோர் குழுக்களில் இதைப் பகிருங்கள்.