நூலகத்தில் நமக்கும் பங்கு உண்டு

பெங்களூர் கப்பன் பூங்காவில், மரங்களுக்கு நடுவே, சிவப்பு நிறத்தில் ஓர் அழகான கட்டிடம் நிற்கிறது. அது கர்நாடக அரசின் மத்திய நூலகம். அந்தப் பக்கமாக நாள்தோறும் வேலைக்குப் போய் வரும் தமிழர்கள் ஏராளம். அவர்களில் உள்ளே போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

"அது படித்த பெரிய மனிதர்கள் போகிற இடம்", "நம்மை உள்ளே விடுவார்களா?", "அங்கே தமிழுக்கு என்ன வேலை?" என்று கேட்டுவிட்டு வாசலோடு திரும்புகிறவர்களே அதிகம். இந்தத் தயக்கம் தேவையற்றது. அது மட்டும் அல்ல, இதனால் நமக்குத்தான் நஷ்டம்.

அந்த நூலகம் நமக்கு அந்நியமானது அல்ல. மைசூர் சமஸ்தானத்தின் திவானாக விசுவேசுவரய்யா இருந்த காலத்தில், 1914-ம் ஆண்டு வாக்கில் பெங்களூரில் பொது நூலகம் தொடங்கியது. 1915-ல் எழுந்த இந்தக் கட்டிடத்துக்குச் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம் என்று பெயர். சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் 1845-ல் பிறந்தவர். 1883-ல் மைசூர் திவான் ஆனார். சிவசமுத்திரம் நீர்மின் திட்டம் அவருடைய முயற்சியில் உருவானது. 1902-ல் அந்த மின்சாரம் கோலார் தங்கவயலுக்குப் போயிற்று. அங்கே சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களில் தமிழர்கள் எவ்வளவு பேர் என்பதை நாம் சொல்லவேண்டியது இல்லை.

இன்னொருவரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இந்திய நூலகத் துறையின் தந்தை என்று போற்றப்படும் எஸ். ஆர். ரங்கநாதன், 1892-ல் சீர்காழியில் பிறந்தவர். கணித ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931-ல் வெளியிட்டார். அவருடைய கடைசிக் காலம் கழிந்தது இதே பெங்களூரில்தான். 1962-ல் நூலகவியல் ஆராய்ச்சிக்கு இங்கே ஒரு மையம் தொடங்கினார். 1972-ல் இங்கேயே மறைந்தார். ஆண்டுதோறும் ஆகஸ்டு 12-ந் தேதி அவர் நினைவாகத்தான் நாடு முழுவதும் நூலகர் தினம் கொண்டாடப்படுகிறது.

நூல் பூட்டி வைப்பதற்கு அல்ல, பயன்படுவதற்கே என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். ஏழைக்கும் பணக்காரனுக்கும் அவரவருக்கு வேண்டிய நூல் கிடைக்க வேண்டும் என்றார். அலமாரியில் இருக்கும் நூலுக்கும் அதைத் தேடும் வாசகர் வந்து சேர வேண்டும் என்றார்.

பெருமை பேசியது போதும். கணக்குக்கு வருவோம்.

கர்நாடகத்தில் 1965-ல் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. அந்தச் சட்டப்படி, மாநகராட்சியும் நகராட்சியும் வசூலிக்கும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்கிறது. சொத்து வரியில் 100-க்கு 6 ரூபாய் நூலகத்துக்கு. ஒரு வீட்டின் சொத்து வரி 5 ஆயிரம் ரூபாய் என்றால், நூலக வரி மட்டும் 300 ரூபாய்.

"எனக்கு ஏது சொந்த வீடு? நான் வாடகைக்குக் குடியிருப்பவன்" என்று சிலர் சொல்லலாம். வீட்டுக்காரர் அந்த 300 ரூபாயை எங்கிருந்து கட்டுகிறார்? நீங்கள் மாதம் தவறாமல் கொடுக்கும் வாடகையில் இருந்துதான். ஸ்ரீராமபுரத்தில் ஒற்றை அறையில் குடியிருக்கும் கொத்தனாரும், அல்சூரில் குடியிருக்கும் குமாஸ்தாவும் தங்களுக்குத் தெரியாமலேயே நூலகத்துக்குச் சந்தா கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். சந்தா கட்டுகிறவர் உள்ளே போகத் தயங்குவது என்ன நியாயம்?

போனால் என்ன கிடைக்கும்? படிக்கும் அறையில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பதற்குக் கட்டணம் இல்லை. அகராதி, கலைக்களஞ்சியம், சட்ட நூல்கள், அரசிதழ் போன்றவற்றை அங்கேயே புரட்டிப் பார்த்துக் குறிப்பு எடுக்கலாம். முன்பணம் கட்டி உறுப்பினர் ஆனால் நூல்களை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். விலகும்போது அந்தப் பணத்தைத் திரும்பப் பெறலாம். ரெயில்வே, வங்கி, அரசுப் பணித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு வேண்டிய புத்தகங்களும் இருக்கின்றன. கடையில் விலை கேட்டாலே தலை சுற்றும் புத்தகங்கள் அவை. வீட்டில் நான்கு பேர் படுக்கும் அறையில் படிக்க முடியாத பிள்ளைக்கு, ஒரு மேசையும் விளக்கும் அமைதியும் கிடைப்பதே பெரிய உதவி. கப்பன் பூங்கா தூரம் என்றால், நகரின் பல பேட்டைகளிலும் கிளை நூலகங்கள் உண்டு. 2020-ல் அரசு மின்நூலகம் ஒன்றையும் தொடங்கியது. கைப்பேசி வழியே அதில் பதிவு செய்துகொள்ளலாம்.

தமிழ் நூல்கள் இருக்கின்றனவா என்பதுதான் நம்மவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி. கன்னடத்துக்கு முதல் இடம். அதுதான் முறை. பிற மொழி நூல்களுக்கும் இடம் உண்டு. ஆனால் அந்த இடம் தானாக நிலைத்திருக்காது. கேட்கிறவர் இருந்தால்தான் நிலைக்கும். இதற்கு நாம் நேரில் அறிந்த ஒரு சம்பவமே சாட்சி.

தமிழர்கள் நிறைய வாழும் ஒரு பகுதியில் கிளை நூலகம் ஒன்று இருக்கிறது. ஒரு தமிழ் நாளிதழ் அங்கே நெடுங்காலமாக வந்துகொண்டு இருந்தது. ஓய்வு பெற்ற கேங்மேன் ஒருவர், தையற்காரர், இரவு ஷிப்டு முடித்து வரும் தொழிலாளிகள் என்று காலையில் 20 பேராவது அதைப் பங்கு போட்டுப் படிப்பார்கள். ஒருநாள் பத்திரிகை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்தது. "தமிழன் என்றால் இளக்காரமா?" என்று சிலர் கொதித்தார்கள்.

கேங்மேன் மட்டும் நூலகரிடம் போய் நிதானமாகக் காரணம் கேட்டார். நூலகர் வருகைப் பதிவேட்டை எடுத்து அவர் முன் விரித்து வைத்தார். "ஐயா, தமிழ்ப் பத்திரிகை படிக்க வருகிறவர்களின் கையெழுத்து ஒன்றாவது இதில் இருக்கிறதா, நீங்களே பாருங்கள். மேலிடத்துக்கு நான் என்ன கணக்குக் காட்டுவது?" என்று கேட்டார்.

கேங்மேன் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவருடைய பெயரே அதில் இல்லை. ஆண்டுக் கணக்கில் வந்து படித்தவர்கள், "பத்திரிகைதானே பார்க்கிறோம், கையெழுத்து எதற்கு?" என்று பதிவேட்டைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். எழுத்துக் கூட்டி எழுதச் சிலருக்கு வெட்கம். வேறு சிலருக்குக் கையெழுத்துப் போட்டால் ஏதாவது வம்பு வருமோ என்று பயம்.

அன்று முதல் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கைநாட்டு வைத்தவரும் உண்டு. பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு தமிழ்ப் பெண் நல்ல கன்னடத்தில் மனு எழுதிக் கொடுத்தாள். அக்கம்பக்கத்துக் கன்னட நண்பர்கள் சிலரும் அதில் கையெழுத்து இட்டார்கள். இரண்டு மாதத்தில் பத்திரிகை திரும்ப வந்தது. தமிழ்க் கதைப் புத்தகங்களும் சில வந்து சேர்ந்தன.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. அரசு அலுவலகத்தில் பதிவேடு சொல்வதுதான் உண்மை. பதிவேட்டில் இல்லாத வாசகர் இல்லாதவரே. யாரும் எடுக்காத புத்தகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின் வரிசைக்குப் போகும். பிறகு மூட்டையாகக் கட்டப்படும். அடுத்த முறை நூல் வாங்கும்போது அந்த மொழிக்குப் பணம் ஒதுக்க யாருக்கும் தோன்றாது. பத்து ஆண்டு கழித்து நம் பேரப்பிள்ளைகள் போய்ப் பார்த்தால், தமிழ் அலமாரி இருந்த சுவடே இராது. அப்போது யாரைக் குறை சொல்வது?

எனவே தமிழ்ப் பெருமக்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. அருகில் உள்ள நூலகத்துக்குக் குடும்பத்தோடு போங்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். உறுப்பினர் ஆகுங்கள். வேண்டிய நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். எடுத்த நூலை நாளாகாமல் திருப்பிக் கொடுங்கள். தமிழ் நூல் எடுக்கும்போது கன்னடம் கற்க ஒரு நூலையும் சேர்த்து எடுங்கள். சோறு போடும் ஊரின் மொழியைப் படிப்பது நன்றிக் கடன். நமக்காக மனு எழுதிக் கொடுத்தது அந்தப் பெண்ணின் கன்னடம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. உறுப்பினராகச் சேர முகவரிச் சான்று கேட்கிறார்கள். கேட்பது சரியே. ஆனால் ஆண்டுக்கு ஒரு வீடு மாறும் தொழிலாளியிடம் உள்ளூர் முகவரியோடு சான்று இராது. வேலை செய்யும் இடத்தில் தரும் அடையாள அட்டையையோ, வாடகை ஒப்பந்தத்தையோ எல்லாக் கிளைகளிலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஷிப்டு வேலை பார்ப்பவர்களுக்கு வசதியாகக் கிளை நூலகங்களின் நேரத்தை அமைக்க வேண்டும். நூலக வரியை வசூலிக்கும் உள்ளாட்சி மன்றங்கள் அதை முழுமையாக நூலகத் துறைக்குக் கொடுப்பது இல்லை என்று பலமுறை செய்திகள் வந்திருக்கின்றன. மக்கள் புத்தகத்துக்காகக் கொடுத்த பணம் புத்தகத்துக்கே போய்ச் சேர வேண்டும். இதனால் பயன் அடைகிறவர் தமிழர் மட்டும் அல்ல. கன்னடர், தெலுங்கர், உருது பேசுவோர் எல்லோருக்கும் நன்மை உண்டு.

ஊரை விட்டு வந்தபோது நாம் தகரப் பெட்டியில் துணிமணி கொண்டு வந்தோம். புத்தகம் கொண்டு வந்தவர்கள் சிலரே. அந்தக் குறையைத் தீர்க்க அரசே வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அதற்கு உரிய பணத்தையும் நாம் கட்டி வருகிறோம்.

பதிவேடு வாசலிலேயே இருக்கிறது. அதில் நம் பெயரை நாம்தான் எழுத வேண்டும்.