மீன் வருமுன் செடி வளரட்டும்

இரவுச் சந்தையில் பிள்ளைகளுக்கு மீன் வாங்கித் தராத பெற்றோர் நம்மிடையே அரிது. நெகிழிப் பையில் நீர். அதனுள் இரு பொன்மீன்கள். பிள்ளையின் முகத்தில் அளவிலா மகிழ்ச்சி. இல்லம் சேர்ந்த அன்றே புதுத் தொட்டியில் குழாய் நீர் நிரப்பப்படுகின்றது. சிவப்பும் நீலமுமாய்ச் சாயமேற்றிய கற்கள் பரப்பப்படுகின்றன. நெகிழியாலான செடியொன்றும் அதில் நிறுத்தப்படுகின்றது. மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ மீன்கள் செத்து மிதக்கின்றன. பிள்ளை அழுகின்றது. அடுத்த வாரம் வேறு இரு மீன்கள் வந்து சேர்கின்றன. சில திங்கள் சென்றபின் அத்தொட்டி வீட்டின் பின்புறத்தில் மழைநீரைத் தாங்கிக்கொண்டு கிடக்கின்றது.

இதனைச் சிறுவர் விளையாட்டென்று ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை. முறையாகப் பேணினால் பொன்மீன் 10 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. அது பத்து நாளில் மடிவதும், மடிந்ததற்கு ஈடாக மற்றொன்று வாங்கப்படுவதும், ஓர் உயிர் போனால் இன்னோர் உயிரைக் காசு கொடுத்துப் பெறலாம் என்னும் எண்ணத்தை இளம் உள்ளத்தில் ஊன்றிவிடுகின்றன. ஆதலால் நம் கருத்தைத் தெளிவாகவே கூறிவிடுகின்றோம். வீட்டிலும் பள்ளியிலும் மீன் தொட்டி வேண்டும். ஆனால் முதலில் அதில் செடி வளரட்டும். ஆறு வாரம் சென்றபின் மீன் வரட்டும்.

ஏன் ஆறு வாரம்? மீனின் கழிவிலிருந்தும் அது உண்ணாது விட்ட தீனியிலிருந்தும் அமோனியா என்னும் நஞ்சு நீரில் சேர்கின்றது. கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சே. வேறுவகைப் பாக்டீரியாக்கள் அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இவை மணலிலும் கல்லிலும் இலைகளிலும் படிந்து பெருகுவதற்கு ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். செடிகளோ அமோனியாவையும் நைட்ரேட்டையும் உணவாகவே உறிஞ்சிக்கொள்கின்றன. புதுத் தொட்டியில் பாக்டீரியாவும் இல்லை, உயிர்ச்செடியும் இல்லை. நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தும் மீன் மடிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாகும். கண்ணுக்குத் தெளிவான நீரெல்லாம் நல்ல நீர் என்று எண்ணுவது பெரியவர்களிடமும் காணப்படும் தவறேயாகும்.

இவ்வுண்மை புதிதன்று. இலண்டன் மாநகரில் வாழ்ந்த இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலறிஞர், பொன்மீன்களையும் வாலிசுநேரியா என்னும் நீர்ச்செடியையும் ஒரே தொட்டியில் வளர்த்து, கண்ட முடிவுகளை 1850-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அழுகிய இலைகளால் நீர் கெடக் கண்டு, அவற்றைத் தின்பதற்கு நத்தைகளையும் சேர்த்தார். மீன், செடி, நத்தை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. பிற்காலத்தில் நெதர்லாந்து நாட்டினர் நீர்ச்செடிகளை மலர்ப்பாத்தி போல் வரிசை வரிசையாக நட்டு அழகு செய்தனர். ஜப்பானின் நீகாதா மாநிலத்தில் 1954-இல் பிறந்த தகாஷி அமானோ, கல்லும் கட்டையும் செடியுமாக மலைகளையும் காடுகளையும் தொட்டிக்குள்ளேயே காட்டினார். 2015-இல் அவர் மறைந்துவிட்டார். அவர் வழியைப் பின்பற்றுவோர் இன்று உலகெங்கும் உள்ளனர்.

அவருடைய தொட்டிகளைப் படத்தில் கண்ட மாணவர்கள், அவ்வாறே நாமும் அமைப்போம் என்று ஆவல் கொள்வது இயல்பு. அந்த ஆவலை நாம் மதிக்கின்றோம். எனினும் கரியமில வாயு உருளை, மிகு ஒளி விளக்கு, விலையுயர்ந்த உரம் ஆகியவற்றோடு தொடங்குவது தொடக்க நிலையினருக்கு ஏற்றதன்று. செலவும் மிகும், பாசியும் மிகும். அமெரிக்காவின் டயானா வால்ஸ்டட் என்னும் அம்மையார் 1999-இல் வெளியிட்ட நூலில் எடுத்துரைத்த வழி நமக்குப் பொருத்தமானது. அடியில் ஓர் அங்குலம் சாதாரண மண். அதன்மேல் ஓர் அங்குலம் கழுவிய பொடிக்கல். அதில் நெருக்கமாகச் செடிகள். அவ்வளவே.

மண் என்றவுடன் தோட்டத்து மக்களுக்கு ஒரு சொல். செம்பனை மரத்தடி மண்ணையும் பால்மரக்காட்டு மண்ணையும் எடுக்கவே கூடாது. அங்கே களைக்கொல்லியும் உரமும் கலந்திருக்கும். மருந்து தெளிக்கப்படாத இடத்து மண்ணையே சலித்து எடுத்தல் வேண்டும். தொட்டியை வைக்கும் மேசையையும் எண்ணிப் பாருங்கள். 60 செண்டிமீட்டர் நீளம், 30 செண்டிமீட்டர் அகலம், 30 செண்டிமீட்டர் உயரமுள்ள தொட்டி 54 லிட்டர் நீர் கொள்ளும். நீரின் எடை மட்டுமே 54 கிலோ! கண்ணாடியும் கல்லும் மண்ணும் அதற்குமேல். ஆடும் மேசை இதனைத் தாங்காது. வெயில் நேரே விழும் சன்னலோரமும் ஆகாது. விளக்கொளி நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். இரவெல்லாம் எரியவிட்டால் பாசிதான் செழிக்கும்.

செடிகளுக்காக நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அறிவியல் பாடத்தில் உயிர்வளிக் குமிழி காட்டப் பயன்படும் வேலம்பாசி விரைந்து வளர்ந்து நீரைத் தூய்மையாக்கும். ஜாவாப் பெரணி நம் மலைநாட்டு ஓடைகளிலும் வளர்வது. அதன் தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும், கட்டையில் நூலால் கட்டினால் தானே பற்றிக்கொள்ளும். இவற்றிலும் மேலாக நாம் போற்ற வேண்டியது கிரிப்டோகொரைன் என்னும் செடி. மேலை நாட்டவர் தம் தொட்டிகளுக்கு விரும்பித் தேடும் இச்செடியின் இனங்கள் பல நம் நாட்டு நீர்நிலைகளுக்கே உரியவை. ராம்சார் உடன்படிக்கையின்கீழ் 1994-இல் மலேசியாவின் முதல் சதுப்புநிலமாகப் பதிவுபெற்ற பகாங் மாநிலத்துத் தாசேக் பெராவிலும் அது வளர்கின்றது. இடம் மாற்றி நட்ட சில நாளில் அதன் இலைகள் கூழ்போல் கரைந்துபோகும். செத்துவிட்டதென்று பலர் பிடுங்கி எறிந்துவிடுகின்றனர். வேர் உயிரோடுதான் இருக்கின்றது. சில வாரங்களில் புதுத்தளிர் எழும்.

நம் நாட்டுச் செடியாயிற்றே என்று ஓடையில் இறங்கிப் பறித்து வருதல் தகாது. ஓடைகள் நேராக்கப்பட்டும் சேறு படிந்தும் வருகின்ற இக்காலத்தில், எஞ்சியிருக்கும் கொத்துகள் அங்கேயே இருக்கட்டும். கடையில் வளர்ப்புச் செடியாகவே அது கிடைக்கின்றது.

ஆறு வாரம் மீனில்லா நீரா? கொசு பெருகாதா? இவ்வினா மிகவும் நியாயமானது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை அடைய ஒரு வாரமோ பத்து நாளோ போதும். டிங்கிக் காய்ச்சலின் கொடுமையை அறியாத குடும்பம் நம்மில் இல்லை. நோய் பரப்பும் பூச்சிகள் பெருக இடந்தருவது 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாகும். எனவே தொட்டியின் வாயை மெல்லிய கொசுவலையால் இடைவெளியின்றி மூடிக் கட்டுதல் வேண்டும். வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்றும்போது புழு நெளிகின்றதா என்று விளக்கடித்துப் பார்த்தலும் வேண்டும். புது நீரை ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்தால் குளோரின் நீங்கும். சிங்கப்பூரில் போலக் குளோரமின் கலந்த நீராயின் அது நீங்காது. கடையில் விற்கும் நீர்ப்பதமாக்கி மருந்தைச் சேர்க்க வேண்டும்.

இக்காலத்தில் மாணவர் செய்ய வேண்டிய பணி ஒன்றுண்டு. நீர்ச்செடி வளர்ப்பைப்பற்றி ஆங்கிலத்தில் ஏராளமாய் எழுதப்பட்டுள்ளது. தமிழ்ப்பள்ளிச் சிறுவன் தன் மொழியில் படித்தறிய வேண்டாமா? ஆதலால் தொட்டியருகே ஒரு குறிப்பேடு தொங்கட்டும். இன்று எத்தனை புதிய இலை, நீரின் நிறம் யாது, கண்ணாடியில் பழுப்புப் பாசி படிந்ததா, எவ்வளவு நீர் மாற்றப்பட்டது என்பவற்றைத் தேதியிட்டு எளிய தமிழில் எழுதட்டும். அடுத்த ஆண்டு தொட்டி வைக்கப்போகும் மாணவனுக்கு அதைவிடச் சிறந்த நூல் வேறில்லை. காலையில் பால்வெட்டுக்குச் செல்லும் தந்தைக்கும் தாய்க்கும் இதனால் கூடுதல் சுமை இராது. வாரத்தில் ஒரு மணி நேர வேலை பிள்ளையாலேயே ஆகும்.

ஆறு வாரம் சென்றபின் எந்த மீன்? ஹார்லிகுவின் ரஸ்போரா ஆறு போதும் என்போம். நம் சதுப்புக் காடுகளின் தேநீர் நிற ஓடைகளில் வாழும் சிறுமீன் அது. ஒன்றரை அங்குலம், செம்பு நிறம், பின்னுடலில் ஆப்பு வடிவில் கரிய பட்டை. அது கிரிப்டோகொரைன் போன்ற அகன்ற இலையின் அடிப்பக்கத்தில் தலைகீழாகத் திரும்பி முட்டையிடும். மூன்று மீனை முதலிலும், நீர் நன்றாயிருக்கக் கண்டபின் மற்ற மூன்றையும் விடுக. ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகைத் தீனிக்கு மேல் வேண்டாம். வாரக் கடைசியில் இரண்டு நாள் தீனியில்லை என்று வருந்தவும் வேண்டாம்.

பள்ளித் தொட்டியாயின் நெடிய விடுமுறைக்கு முன்பே, பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் இரு மாணவர்களின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதிவிடுதல் நலம். செடி மிகுந்துபோனாலும் மீன் வேண்டாமென்று தோன்றினாலும் கால்வாயில் கொட்டலாகாது. கிள்ளாங் ஆற்றில் இன்று பெருகிக் கிடக்கும் பண்டாராயா மீன் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. தொட்டி மீனாகவே இங்கு வந்தது. வெட்டிய செடிகளை ஈரத்தாளில் சுற்றி, குறிப்பேட்டின் முதல் பக்கங்களைப் பார்த்தெழுதிச் சேர்த்து, தொட்டி வைக்க விரும்பும் அடுத்த மாணவனிடம் கொடுத்துவிடலாம்.