தூதும் வரிசையும்

அன்னம், கிளி, நெஞ்சு எனத் தூதுவிடும் சிற்றிலக்கியம் கற்றோர் ஒன்றை உணர்வர்: சொல்லை ஒப்படைத்தால் போதும், பெறுவோர் அந்நேரமே எதிரில் நிற்க வேண்டுவதில்லை. (தலைவி வாடியிருப்பாள், அது வேறு.) மென்பொருள்களுக்கிடையே செய்தி வரிசை ஆற்றும் பணியும் இதுவே.

எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சேரும் கொல்லிமலையில், சோளக்காட்டுச் சந்தைக்கு மிளகு கொணரும் உழவர் இதனை அறிய வேண்டா. இதன் பிழையோ அவரையே தாக்கும். இணைப்பு அறுந்தால் விற்பனைக் கணக்கு கருவியிலேயே காத்திருந்து, மீண்டதும் செல்ல வேண்டும். பெற்றதற்கு ஒப்புதல் வராவிடின் கருவி மீண்டும் அனுப்பும். ஆகவே ஒரே செய்தி இருமுறை சேரலாம். ஒவ்வொன்றுக்கும் தனியெண் இட்டு, இரட்டிப்பைத் தள்ளுதல் கட்டாயம். இல்லையேல் ஒரு மூட்டை இரண்டாகப் பதியும்.

1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும், எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க எம்.க்யூ.டி.டி. நெறியை வகுத்தனர். 2014இல் அது ஓயாசிஸ் அமைப்பின் பொதுத்தரமாயிற்று. கூட்டுறவுக்கும் நியாயவிலைக் கடைக்கும் மென்பொருள் செய்வோர் இத்தகைய பொதுநெறியையே கொள்ள வேண்டும் என்பது என் துணிபு. ஒரு நிறுவனத்தின் பூட்டுக்குள் வரிசையை அமைத்தால், நிறுவனம் மாறும் நாளில் மலையின் கணக்கு வெளியேற வழியின்றி நிற்கும். கணிப்பொறி பயிலும் நம் மாணவர்கள் தம் மென்பொருளைச் சமவெளியின் வேகத்தில் மட்டும் சோதியாது, இணைப்பை வேண்டுமென்றே துண்டித்தும் சோதிக்கட்டும்.