'பர்ன் தி மிட்நைட் ஆயில்': எரிவது எண்ணெய் மட்டும்தானா?

காலையில ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தா ஒரு மெசேஜ்: 'டீம் பர்ன்ட் தி மிட்நைட் ஆயில்!' கீழே வரிசையாகக் கைதட்டல் எமோஜிகள். அது சரி, ராத்திரியில எண்ணெயை ஏங்க எரிக்கணும்?

மின்விளக்கு வருவதற்கு முன்பு இரவில் படிக்க எண்ணெய் விளக்குதான் துணை. நள்ளிரவு தாண்டியும் அது எரிந்தால், உள்ளே யாரோ கண்விழித்துப் படிக்கிறார்கள் என்று அர்த்தம். 1635-இல் வெளியான 'எம்ப்ளம்ஸ்' நூலிலேயே 'மிட்நைட் ஆயில்' என எழுதியிருக்கிறார் ஆங்கிலக் கவிஞர் ஃபிரான்சிஸ் குவார்ல்ஸ்.

எங்கே பயன்படுத்தலாம்? பரீட்சைக்கு ராத்திரி முழுக்கப் படித்தாலோ, ப்ராஜெக்ட்டை முடிக்க நள்ளிரவு வரை உழைத்தாலோ தாராளமாகச் சொல்லலாம். விடிய விடிய வெப் சீரிஸ் பார்த்ததற்கெல்லாம் இது செல்லாது!

ஆனால், ஒரு விஷயம். எண்ணெய்க்குக் காசு கொடுக்கணும். தீர்ந்துபோனா விளக்கு அணைந்துவிடும், படுத்துத்தான் ஆகணும். நம்ம லேப்டாப்புக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால இப்போ எரியறது நம்ம தூக்கம். படித்தது நினைவில் தங்கவே தூக்கம் தேவை என்பதுதான் இதில் வேடிக்கை.

என்னைக்காவது ஒருநாள் என்றால் பாராட்டலாம். மாசம் முழுக்க இதே கதைன்னா, ஆள் பத்தலை அல்லது பிளான் சரியில்லை என்றுதான் அர்த்தம். அடுத்த முறை அந்த மெசேஜ் வந்தா, கைதட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: 'பகல்ல ஏன் முடியலை?'