குளத்தில் இறக்கிவிட ஆளில்லாதவர்கள்



எருசலேமில் ஆட்டு வாயிலுக்கு அருகே, பெத்சதா குளத்தின் ஓரத்தில், 38 ஆண்டுகளாக நோயுற்றுக் கிடந்த ஒருவரை யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் சந்திக்கின்றோம். தண்ணீர் கலங்கும்போது தம்மை இறக்கிவிட எவருமில்லை, தாம் செல்வதற்குள் வேறொருவர் முந்திவிடுகின்றார் என்பதே அவரது முறையீடு. குணம் பெறும் வாய்ப்பு அரிதாக இருந்த அவ்விடத்தில், துணை அதிகம் தேவைப்பட்டவரே பின்தள்ளப்பட்டார்.

இக்குளத்தை நம் காலத்து வைத்தியசாலைகளிலும் காணலாம். ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வாழ்ந்த சான்ட்ரா ஜென்சன், டவுன் சின்ட்ரோம் எனும் பிறவி நிலையுடையவர். தனியாகக் குடியிருந்து, தம்மைப் போன்றோரின் உரிமைகளுக்காகக் குரல் கொடுத்தவர். இதயமும் நுரையீரலும் பழுதடைந்து, இரண்டையும் ஒருங்கே மாற்றவேண்டிய நிலை ஏற்பட்டபோது, 1995இல் ஸ்டான்போர்ட் உள்ளிட்ட இரு பல்கலைக்கழக வைத்தியசாலைகள் அவரை ஏற்க மறுத்தன. சிகிச்சைக்குப் பிந்திய கடினமான மருந்து ஒழுங்கை அவரால் கடைப்பிடிக்க இயலாது என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. நண்பர்கள் போராடினர். ஸ்டான்போர்ட் தன் முடிவை மாற்றியது. 1996 ஜனவரியில் சத்திரசிகிச்சை நடைபெற்றது. 1997 மே மாதத்தில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

பதினாறு மாதங்களுக்காகவா இத்தனை பாடு என்று கேட்போர் உண்டு. மாற்று உறுப்புப் பெற்ற வேறெவரைக் குறித்தும் இக்கேள்வியை நாம் இவ்வளவு எளிதாகக் கேட்பதில்லை.

வைத்தியர்களின் தயக்கத்தை முற்றாகப் புறந்தள்ளுவது நீதியன்று. புதிய உறுப்பை உடல் நிராகரிக்காதிருக்க, வாழ்நாள் முழுவதும் நேரந்தவறாது மருந்து உட்கொள்ளவேண்டும். கிடைக்கும் உறுப்புகளோ மிகச் சில. ஆனால் நம் வீடுகளிலும் நீரிழிவு நோயுற்ற தந்தைக்கு மகளே காலையும் மாலையும் குளிசைகளைப் பிரித்துக் கொடுக்கின்றாள். அதனால் அவர் சிகிச்சைக்குத் தகுதியற்றவர் என்று எவரும் தீர்ப்பிடுவதில்லை. "தானாகச் செய்வாரா?" என்பதும் "செய்விக்க ஆளுண்டா?" என்பதும் ஒரே கேள்வியல்ல.

உறுப்புப் பற்றாக்குறையே மறுப்பின் முழுக் காரணமும் அல்ல. 2012இல் பிலடெல்பியா நகரில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்குச் சிறுநீரகம் மாற்ற வைத்தியசாலை மறுப்பதாகவும், அவளது அறிவு வளர்ச்சிக் குறைபாடே காரணமாகக் கூறப்பட்டதாகவும் தாய் பகிரங்கமாக எழுதினார். குடும்பத்திலிருந்தே சிறுநீரகம் தர அவர்கள் ஆயத்தமாயிருந்தனர். காத்திருக்கும் வேறொரு பிள்ளையின் பங்கை அவள் பறிக்கவில்லை. பெரும் எதிர்ப்புக்குப் பின், 2013இல் தாயின் சிறுநீரகமே அவளுக்குப் பொருத்தப்பட்டது. இது தனியொரு சம்பவமுமன்று. அந்நாட்டுச் சிறுவர் உறுப்பு மாற்று நிலையங்களிடையே நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வொன்றில், 43 சதவீதமானவை அறிவு வளர்ச்சித் தாமதத்தை எப்போதும் அல்லது வழமையாகக் கருத்திற்கொள்வதாகத் தெரிவித்திருந்தன.

2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் திகதி, உரோமையில் கூடிய உறுப்பு மாற்று வைத்தியர்களின் அனைத்துலக மாநாட்டில் புனித பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் இவ்விடயத்தைத் தொட்டார். வயது, பால், இனம், சமயம், சமூக நிலை ஆகியவற்றைக் கொண்டோ, ஒருவரின் உழைக்கும் திறன், சமூகப் பயன் ஆகியவற்றைக் கொண்டோ உறுப்புகளைப் பங்கிடலாகாது. உடலின் ஏற்புத்தன்மையும் மருத்துவக் காரணங்களுமே அளவுகோலாதல் வேண்டும் என்றார். அங்கவீனம் என்ற சொல் அப்பட்டியலில் இல்லை. எனினும் உழைக்கும் திறனையும் பயனையும் விலக்கியபோதே, இவர்களுக்கெதிராகப் பெரும்பாலும் சொல்லப்படாமலே நிற்கும் காரணத்தை அவர் விலக்கிவிட்டார் என்பது என் கருத்து.

சட்டங்களும் வந்துள்ளன. சான்ட்ராவின் வழக்கினால் உந்தப்பட்ட கலிபோர்னியா 1996இலேயே இப்பாகுபாட்டைத் தடைசெய்தது. இன்று 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் அத்தகைய சட்டம் உண்டு. 2024இல் மத்திய அரசின் சுகாதாரத் திணைக்களமும் விதியொன்றை வெளியிட்டது. எனினும், பலர் உறுப்பு மாற்று நிலையத்தின் வாசலைக்கூட அடைவதில்லை என்பதை அந்நாட்டின் அங்கவீனர் தேசிய மன்றம் 2019இல் சுட்டிக்காட்டியது. குடும்ப வைத்தியரே அவர்களை அங்கு அனுப்புவதில்லை. எழுதப்பட்ட மறுப்பு இருந்தால் வழக்குத் தொடரலாம். அனுப்பப்படாமைக்கு எதிராக எங்கே முறையிடுவது?

அமெரிக்க வைத்தியர்களைக் குறைகூறி முடிப்பது எனக்கு இலகு. ஆனால் முதல் நன்மைக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்த காலத்தில், இத்தகைய பிள்ளையொன்றைக் கைபிடித்து அழைத்துவந்த தாயிடம், "இவனுக்கு இது விளங்குமா?" என்று நானும் கேட்டிருக்கின்றேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அவர்கள் வரவில்லை. பின்னர் நான் வீடு தேடிச் சென்றபோது, அப்பிள்ளை சுவரிலிருந்த திரு இருதயப் படத்தைக் காட்டி, என் கையைப் பிடித்து அதனருகே இழுத்துச் சென்றான்.