கார்டு சூடாகுதா? இஎம்ஐ போடுறதுக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்க



வெயில் காலம் ஆரம்பிச்சா நம்ம சேனலுக்கு ஒரு கேள்வி தவறாம வரும். "கேம் ஓட்டினா கிராஃபிக்ஸ் கார்டு 84 டிகிரி போகுது. ஃபேன் சத்தத்துல வீட்ல யாரும் தூங்க முடியல. அறுபதாயிரத்துல புது கார்டு பார்த்து வச்சிருக்கேன், நோ-காஸ்ட் இஎம்ஐ இருக்கு. போடலாமா?"

சிஏ-கிட்ட கேட்கிற கேள்வியா இதுன்னு சிலர் சிரிக்கலாம். முப்பத்தஞ்சாயிரம் சம்பளத்துல மாசம் 5,000 ரூபாய் ஒரு வருஷத்துக்குப் போகப்போகுதுன்னா, கண்டிப்பா என்கிட்ட கேட்க வேண்டிய கேள்விதான்.

என் பதில் இதுதான்: உங்க பிரச்சினை சூடும் சத்தமும் மட்டும்தான்னா, போடாதீங்க. அது கார்டை மாத்துறதுக்கான காரணமே இல்லை. பெரும்பாலும் செலவில்லாம சரி பண்ணக்கூடிய விஷயம். ஏன்னு பார்ப்போம்.

புது கார்டு வாங்கினா சூடு குறையுமா?

கார்டு எத்தனை வாட் கரண்ட் எடுக்குதோ, அத்தனையும் கடைசியில சூடா உங்க ரூமுக்குள்ளதான் வரும். நிறைய பேர்கிட்ட இருக்கிற ஆர்டிஎக்ஸ் 3070-ஐ எடுத்துக்குவோம். அதோட அளவு 220 வாட். இப்போ பலரும் மாத்த நினைக்கிற ஆர்டிஎக்ஸ் 5070 எடுக்கிறது 250 வாட். அதாவது, முழு வேகத்துல ஓட்டினா புது கார்டு உங்க ரூமை இன்னும் அதிகமா சூடாக்கும்.

அதே ஃப்ரேமை புது கார்டு குறைஞ்ச கரண்ட்ல கொடுக்கும், அது உண்மை. ஆனா புது கார்டு வாங்கினவங்க யாரும் பழைய செட்டிங்ஸ்ல விளையாடுறது இல்லை!

இன்னொண்ணு. 3070-க்கு என்விடியா சொல்ற உச்ச வெப்பநிலை 93 டிகிரி. அதனால 84-ங்கிறது கார்டு எரிஞ்சுபோற நிலை இல்லை. தன்னைத்தானே காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கிட்டு, ஃபேனை வேகமா சுத்துற நிலை. பயப்பட வேண்டாம், ஆனா சரி பண்ணலாம்.

படி 1: ஒரு ரூபாய்கூட செலவில்லாத மூணு வேலை

முதல்ல, ஃப்ரேமுக்கு ஒரு வரம்பு வைங்க. உங்க மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். கார்டு 140 ஃப்ரேம் தயாரிக்குது. பாதிக்கு மேல உங்க கண்ணுக்கு முழுசா வர்றதே இல்லை, ஆனா அதுக்கான கரண்ட்டும் சூடும் சத்தமும் மட்டும் வருது. பார்க்காத ஓடிடி-க்கு மாசாமாசம் பணம் கட்டுற மாதிரிதான் இது. என்விடியா கன்ட்ரோல் பேனல்ல "மேக்ஸ் ஃப்ரேம் ரேட்" இருக்கு, ஏஎம்டி-யோட அட்ரினலின் சாஃப்ட்வேர்லயும் இதுக்கு வசதி இருக்கு. மானிட்டர் எவ்வளவோ அந்த அளவுல நிறுத்துங்க. போட்டி கேம் விளையாடுறவங்க மட்டும் கொஞ்சம் மேல வச்சுக்கலாம்.

ரெண்டாவது, வோல்டேஜைக் குறைங்க. "அண்டர்வோல்ட்"னு சொல்றது இதைத்தான். எல்லா சிப்பும் ஒரே மாதிரி வராது. அதுல சுமாரான சிப்பும் தடுமாறாம ஓடணும்னு கம்பெனி எல்லாத்துக்கும் கொஞ்சம் கூடுதலாவே வோல்டேஜ் வைக்கும். சிப் எடுக்கிற பவர் வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். 1.05 வோல்ட்டை 0.90 ஆக்கினா, வர்க்கம் 1.10-ல இருந்து 0.81-க்கு வருது. அதே வேகத்துலயே சிப் எடுக்கிற பவர் கால்வாசிக்கு மேல குறையுது. மெமரி, ஃபேன் எல்லாம் சேர்த்துப் பார்த்தா மொத்தக் குறைப்பு கொஞ்சம் கம்மியா இருக்கும். ஆனாலும் 220 வாட் கார்டை 170 பக்கம் கொண்டுவர்றது நடக்கிற காரியம்தான்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவச சாஃப்ட்வேர், எந்த பிராண்ட் கார்டுக்கும் வேலை செய்யும். வோல்டேஜ் கிராஃபைத் தொட பயமா இருந்தா, "பவர் லிமிட்" ஸ்லைடரை மட்டும் 100-ல இருந்து 80-க்கு இழுங்க. பல கார்டுகள்ல இதனால போற ஃப்ரேம் ஒற்றை இலக்க சதவீதம்தான். வோல்டேஜ் ரொம்பக் குறைஞ்சா கேம் கிராஷ் ஆகும், கொஞ்சம் ஏத்திக்கலாம். கார்டு கெட்டுப்போகாது. சில நாள் சோதிச்சுப் பார்க்கிற வரைக்கும், விண்டோஸ் ஆன் ஆகும்போது தானா செட் ஆகுற ஆப்ஷனை மட்டும் டிக் பண்ணாதீங்க.

மூணாவது, ஃபேன் கர்வ். அதே சாஃப்ட்வேர்ல எத்தனை டிகிரிக்கு எவ்வளவு வேகம்னு நீங்களே வரையலாம். ஃபேன் வேகத்தை 20 சதவீதம் குறைச்சா சத்தம் சுமார் 5 டெசிபல் இறங்கும், காதுக்கு நல்லாவே தெரியும். ஆனா வரிசை முக்கியம். முதல்ல வாட்டைக் குறைக்கணும், அப்புறம்தான் ஃபேனை. மாத்திச் செஞ்சா சத்தம் போய் சூடு ஏறிடும்.

படி 2: நூறு ரூபாயில இருந்து ஆயிரம் ரூபாய் வரை

கேபினெட்டோட பக்கவாட்டு கதவைக் கழட்டி வச்சுட்டு, அதே கேமை 15 நிமிஷம் ஓட்டுங்க. டெம்பரேச்சர் அஞ்சாறு டிகிரி இறங்கினா, தப்பு கார்டு மேல இல்லை, கேபினெட்டுக்குள்ள காத்து போறதில்லைன்னு அர்த்தம். அப்போ உங்களுக்கு வேண்டியது ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன். ரிச்சி ஸ்ட்ரீட்லயோ ஆன்லைன்லயோ ஆயிரம் ரூபாய்க்குள்ள கிடைக்கும்.

இறங்கலைன்னா தூசியைப் பாருங்க. பவரை ஆஃப் பண்ணி, ப்ளக்கைக் கழட்டிட்டு, ப்ளோயர் அடிங்க. அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கணும். காத்துல கண்டபடி சுத்தவிட்டா பேரிங் போயிடும்.

தெர்மல் பேஸ்ட் மாத்துறது கடைசி வேலை. அதுக்கு முன்னாடி பில்லை எடுத்து வாரண்டி தேதியைப் பாருங்க. வாரண்டி இருக்கும்போது கார்டைத் திறக்காதீங்க, சர்வீஸ் சென்டருக்கே அனுப்புங்க. பில்லை மெயில்ல ஒரு காப்பி வச்சுக்கோங்கன்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றது இதுக்குத்தான்.

படி 3: அந்த நோ-காஸ்ட் இஎம்ஐ கணக்கு

60,000 ரூபாய், 12 மாசம், மாசம் 5,000. "வட்டி இல்லை"ன்னு எழுதியிருக்கும். ஆனா பேங்க் வட்டி போடும், அந்த அளவுக்கு கடைக்காரர் முதல்லயே விலையில கழிப்பார். 15 சதவீத வட்டின்னு வச்சுக்கிட்டா, வட்டி சுமார் 4,600 ரூபாய். அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 830 ரூபாய், உங்க கையில இருந்துதான் போகும். பிராசசிங் ஃபீயும் அதுக்கு ஜிஎஸ்டியும் தனி. ஜீரோ சதவீத வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே பேங்குகளுக்குச் சொல்லியாச்சு.

ஆயிரம் ரூபாய்தானேன்னு நினைக்காதீங்க. பெரிய செலவு அது இல்லை. அடுத்த 12 மாசத்துக்கு அந்த 5,000 உங்களோடது இல்லை, அதுதான் செலவு. வேலை போனாலும், வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லாம போனாலும் அந்தத் தேதிக்கு அது போயே ஆகணும். மூணு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் இல்லாதவர், ஃபேன் சத்தத்துக்காக இந்தக் கடமையை ஏத்துக்கக்கூடாதுங்கிறது என் கருத்து.

"வீட்ல இருந்து வேலை பார்க்கிறேன், வரியில கழிக்கலாமா?"ன்னும் கேட்கிறாங்க. சம்பள வருமானத்துல கழிக்க முடியாது. ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் என்னவோ அவ்வளவுதான்.

கரண்ட் பில் குறையுமா?

குறையும், ஆனா அதை நம்பி இறங்காதீங்க. 50 வாட் குறைச்சு, தினம் 3 மணி நேரம் விளையாடினா ரெண்டு மாசத்துக்கு 9 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய்னு வச்சாலும் 72 ரூபாய். ஏசி ரூம்னா இன்னும் கொஞ்சம். தமிழ்நாட்டுல 500 யூனிட்டைத் தாண்டினா ஸ்லாப் ரேட்டே மாறும். அந்த எல்லையில நிக்கிற வீடுன்னா மட்டும் இந்த 9 யூனிட் பெரிய விஷயம். உண்மையான லாபம் வாங்காம விட்ட அறுபதாயிரம்தான்.

அப்போ எப்பதான் வாங்கலாம்?

நீங்க விளையாடுற கேம்ல, உங்க மானிட்டருக்குத் தேவையான ஃப்ரேம் செட்டிங்ஸைக் குறைச்சும் வரலைன்னா வாங்கலாம். கார்டோட மெமரி பத்தலைன்னா வாங்கலாம். அதுவும் இன்னைக்கே ஒரு ஆர்டி ஆரம்பிச்சு அதே 5,000-ஐப் போட்டுட்டு வாங்க. 12 மாசம் கழிச்சு கையில 60,000 வட்டியோட இருக்கும். நடுவுல ஒரு அவசரம் வந்தா அந்தப் பணம் உங்களுக்கே உதவும். அப்பவும் கார்டு வேணும்னு தோணுச்சுன்னா சந்தோஷமா வாங்குங்க, நான் தடுக்க மாட்டேன்.

ஆஃப்டர்பர்னர் செட்டிங்ஸை ஸ்க்ரீன்ல ஒவ்வொண்ணா வீடியோல காட்டியிருக்கேன். இந்த ஞாயிற்றுக்கிழமை செஞ்சு பாருங்க. கார்டு பேரு, முன்னாடி எத்தனை டிகிரி, பின்னாடி எத்தனை டிகிரின்னு கமெண்ட்ல போடுங்க. இஎம்ஐ பட்டனை அமுக்கப் போற நண்பர் யாராவது இருந்தா, இன்னைக்கே இதை அவருக்கு அனுப்புங்க.