குளத்தை ஒட்ட இறைத்தால் நாட்டு மீன் எங்கே மிஞ்சும்?

மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்ததும் மதகடியில் கூடை வைத்தால் கெண்டை, கெளுத்தி, ஆரால் எல்லாம் விழுந்த காலம் டெல்டாவில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். இன்று அதே மதகில் கூடை வைத்தால் ஜிலேபிதான் அதிகம்.

நாட்டின மீன்குஞ்சுகளை மீன்வளத்துறை ஆறுகளில் விட்டு வருகிறது. நல்ல வேலைதான். ஆனால், அந்தக் குஞ்சு நம் ஊர்க் குளத்துக்கு வந்தால் பிழைக்குமா?

வழக்கப்படி ஜனவரி 28-ல் அணையை மூடினால், ஜூன் 12-ல்தான் மறுபடி திறப்பு. இந்த நாலரை மாதமும் மீனுக்குக் குளம்தான் புகலிடம். அந்த நேரத்தில்தான் குத்தகைதாரர் மோட்டார் வைத்துத் தண்ணீரை ஒட்ட இறைத்து, தாய் மீன் வரை அள்ளிவிடுகிறார். விராலும் குறவையும் மேலே வந்து காற்றைக் குடிக்கும். கொஞ்சம் சேறு இருந்தாலும் தாக்குப்பிடிக்கும். கெண்டைக்கு அந்த வசதி இல்லை. பெரும்பாலும் மழைக்காலத்தில்தான் முட்டையிடும். தாய் மீன் போனால் அந்த வருஷமே போச்சு. 1952-ல் இந்தியாவுக்குள் வந்த ஜிலேபி அப்படியல்ல. முட்டையை வாயிலேயே அடைகாத்து, வருஷத்தில் பலமுறை குஞ்சு பொரிக்கும். நாலைந்து தப்பினாலே குளம் நிறைந்துவிடும்.

இதைவிட ஆபத்து ஆப்பிரிக்கக் கெளுத்தி. (நம் நாட்டுத் தேளி வேறு, இது வேறு.) 2000-ம் ஆண்டிலேயே தடை செய்தாகிவிட்டது. ஆனாலும் இறைச்சிக் கழிவைப் போட்டு மறைவாக வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பெருமழையில் கரை வழிந்தால் வாய்க்காலுக்குப் போய்விடும். அங்கே மீன், தவளை எதையும் விடாது. ஒருமுறை பரவினால் திரும்பப் பிடித்துத் தீர்க்க முடியாது.

குளத்தை ஏலம் விடும்போதே இரண்டு நிபந்தனைகளை எழுத்தில் சேர்க்கச் சொல்லி கிராம சபையில் கேளுங்கள். குளத்தை ஒட்ட இறைக்கக் கூடாது, தடை செய்த மீனை விடக் கூடாது. வண்டல் எடுக்கும்போது ஒரு மூலையை மட்டும் ஆழமாக வெட்டி மடுவாக விட்டால், கோடையில் தாய் மீன் அங்கே ஒதுங்கும். பண்ணைக்குட்டையில் மீன் வளர்ப்பவர்கள் வடிகால் வாயில் சிறுகண் வலை கட்டுங்கள். மருந்தடித்த வயல் தண்ணீரை உடனே வாய்க்காலில் திறக்காதீர்கள்.

குளத்தில் சிவப்பு நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து போனால், அடியில் தாய் விரால் காவல் இருக்கும். அந்த இடத்தில் தூண்டில் போட வேண்டாம். குஞ்சு கலைந்து தனியாகப் போன பிறகு பிடித்துக்கொள்ளலாம்.